பழங்கடலின் ஆக்சிஜனை அறிய எதைக் கரைக்கலாம்: சுண்ணாம்புக்கல்லா, மீன் பல்லா, இரும்புப் பாறையா?

புவியியல் முதுகலை ஆய்வேடு எழுதுபவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது: "சீரியப் பிறழ்வை வைத்துப் பழைய கடலில் ஆக்சிஜன் எவ்வளவு இருந்தது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கையில் சுண்ணாம்புக்கல்லும் இருக்கிறது, பாஸ்பேட் முண்டுகளும் இருக்கின்றன, களிப்பாறையும் இருக்கிறது. பரிசோதனைக்கான பணம் ஒன்றுக்குத்தான் வரும். எதை அனுப்புவது?"

நியாயமான கேள்வி. பாடப்புத்தகங்கள் சீரியத்தின் வேதியியலை நன்றாகச் சொல்லிக்கொடுத்துவிடுகின்றன. எந்தப் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்ற இடத்தில்தான் ஆய்வுகள் தடம் மாறுகின்றன.

வேதியியலைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். லாந்தனம், சீரியம், பிரசியோடைமியம் போன்ற அருமண் தனிமங்கள் எல்லாம் ஒரே குடும்பம். கடல்நீரில் பெரும்பாலும் மூன்று நேர்மின் சுமையோடு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடந்துகொள்ளும். சீரியம் மட்டும் ஆக்சிஜன் உள்ள நீரில் மாங்கனீசு ஆக்சைடுத் துகள்களின் மேல் படிந்து, இன்னோர் எலக்ட்ரானை இழந்து, நான்கு சுமை கொண்டதாக மாறும். அப்படி மாறியது எளிதில் கரையாது. துகளோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அதனால் ஆக்சிஜன் உள்ள கடல்நீரில் சீரியம் தன் அக்கம்பக்கத்துத் தனிமங்களைவிடக் குறைவாக இருக்கும். அளவுகளைச் சராசரிக் களிப்பாறையால் வகுத்து வரைபடம் போட்டால், லாந்தனத்துக்கும் பிரசியோடைமியத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம் தெரியும். சீரியம் இப்படி அக்கம்பக்கத்திலிருந்து விலகி நிற்பதுதான் சீரியப் பிறழ்வு. இன்றைய பசிபிக்கின் ஆழத்தில் இந்தப் பள்ளம் மிகப் பெரியது. இருக்க வேண்டிய சீரியத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூட இருக்காது. ஆக்சிஜன் இல்லாத நீரில் துகள் கரைந்து சீரியத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும், பள்ளமும் மறைந்துவிடும். கருங்கடலில் மேல்நீரிலிருந்து கீழே இறங்கும்போது இது அப்படியே நடப்பதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

ஆக, பழைய கடல்நீர் கிடைத்தால் வேலை முடிந்தது. அது கிடைக்காது. அந்த நீரிலிருந்து அருமண்ணை வாங்கி வைத்துக்கொண்ட ஏதோ ஒரு பொருள்தான் கிடைக்கும். தேர்வு முழுக்க அந்தப் பொருளைப் பற்றியது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது: அந்தப் பொருள் தன் அருமண்ணை எப்போது, எங்கிருந்து வாங்கியது? மேலே இருந்த கடல்நீரிலிருந்தா, புதைந்த பிறகு வண்டலின் இடுக்குகளில் தேங்கிய நீரிலிருந்தா? இடுக்கு நீரின் கதை வேறு. அங்கே கரிமப் பொருள் அழுகி ஆக்சிஜன் சில சென்டிமீட்டருக்குள்ளேயே தீர்ந்துபோகலாம், மேலே உள்ள கடல் நிறைய ஆக்சிஜனோடு இருந்தாலும்.

இரண்டாவது, களிக் கலப்பு. மூன்றாவது, புதைந்ததற்கும் நாம் உடைத்ததற்கும் நடுவில் என்ன நடந்தது: வெப்பம், மறுபடிகமாக்கம், மேற்பரப்பில் மழையும் வெயிலும். நான்காவது, உங்கள் கேள்விக்கான காலத்திலும் நீராழத்திலும் அந்தப் பொருள் இருக்கிறதா என்பது. ஐந்தாவதுதான் பணமும் உழைப்பும். பலர் ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறார்கள். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

| பொருள் | கடல்நீரை நேரடியாகப் பிடிக்குமா | களிக் கலப்பு ஆபத்து | எந்தக் காலத்துக்கு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| கடல் சுண்ணாம்புக்கல், ஆரம்பகாலச் சிமெண்ட் | ஆம், நல்ல மாதிரியாக இருந்தால் | மிக அதிகம் | ஆர்க்கியனிலிருந்து (250 கோடி ஆண்டுக்கு முந்தைய காலம்) இன்றுவரை | பலபடி அமிலக் கரைசல், நுண்ணோக்கிக்கான மெல்லிய பாறைச் சீவலான தின் செக்‌ஷன் |
| மீன் பல், கோனோடோன்ட் (அழிந்துபோன கடல்விலங்கின் பல் போன்ற நுண்புதைபடிவம்), பாஸ்போரைட் (பாஸ்பேட் பாறை) | ஓரளவே. பெரும்பகுதி இடுக்கு நீர் | குறைவு | முக்கியமாகக் கேம்பிரியன் (சுமார் 54 கோடி ஆண்டுக்கு முன்) முதல் | பொறுக்கும் நேரம், லேசர் |
| ஃபோரமினிஃபெரா (ஒற்றைச்செல் கடலுயிர்) ஓட்டுப் பூச்சு | அடிநீரும் இடுக்கு நீரும் கலந்து | நடுத்தரம் | ஆழ்கடல் கோர்களில் (துளையிட்டு எடுத்த உருளை மாதிரிகளில்) ஜுராசிக் முதல் | கோர் கிடைப்பது, சுத்தம் செய்யும் முறை |
| பட்டை இரும்புப் பாறை (இரும்பும் சிலிக்காவும் பட்டை பட்டையாகப் படிந்தது) | ஆம், படிந்த வேளையில் | நடுத்தரம் | பெரும்பாலும் 180 கோடி ஆண்டுக்கு முன் | புதிய கோர் தேவை |
| களிப்பாறை முழுக்கரைசல் | இல்லை | அதுவே களி | எல்லாக் காலமும் | மலிவு, ஆனால் பதில் கிடைக்காது |

சுண்ணாம்புக்கல்

நான் முதலில் கை காட்டுவது இதைத்தான். ஆனால் கவனமாகச் செய்தால் மட்டுமே.

பவளத்திட்டுகளில் நுண்ணுயிர்ப் படலங்கள் உருவாக்கும் சுண்ணாம்பு, தன்னைச் சுற்றியுள்ள நீரின் அருமண் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹெரான் திட்டில் எடுத்த, இன்றைய யுகத்து மாதிரிகளில் வெப்பும் காம்பரும் 2000-ஆம் ஆண்டில் இதைக் காட்டினார்கள். கடலடியிலேயே இடுக்குகளை நிரப்பி வளர்ந்த ஆரம்பகாலச் சிமெண்ட் படிகங்களும் அப்படித்தான். வாலஸ் குழுவினர் 2017-இல் இத்தகைய சிமெண்ட்களை வைத்தே நியோப்ரோட்டெரோசோயிக் முதல் டெவோனியன் வரையிலான (சுமார் 100 கோடி முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன் வரை) ஆக்சிஜன் வரலாற்றை வரைந்து, நிலத்தாவரங்களின் எழுச்சியோடு அதைச் சேர்த்துப் பார்த்தார்கள்.

இதன் பலவீனம் களி. ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். தூய சுண்ணாம்புக்கல்லில் அருமண் மொத்தமாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரிக் களிப்பாறையில் அது பத்து லட்சத்தில் 180 பங்குக்கு மேல். சுண்ணாம்பின் உண்மையான சீரிய விகிதம் (இருக்கும் சீரியத்தை இருக்க வேண்டிய சீரியத்தால் வகுத்தது) 0.4, அதாவது நல்ல ஆழமான பள்ளம். இதில் இரண்டே சதவீதம் களி கலந்து, மாதிரி முழுவதும் கரைந்துவிட்டால், அந்த இரண்டு சதவீதம் கொண்டுவரும் அருமண் சுண்ணாம்பினுடையதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல். விகிதம் சுமார் 0.87-க்கு ஏறிவிடும். "ஆக்சிஜன் குறைவு" என்று எழுதிவிடுவோம், கடலில் ஆக்சிஜன் தாராளமாக இருந்தும்.

அதனால்தான் வலுவான அமிலத்தைக் கொட்டி ஒரேயடியாகக் கரைக்கக் கூடாது. முதலில் அம்மோனியம் அசிடேட்டில் கழுவி, மேலே ஒட்டியிருப்பதை நீக்க வேண்டும். பிறகு நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் படிப்படியாகக் கரைக்க வேண்டும். முதலில் கரையும் பங்கையும் கடைசியில் கரையும் பங்கையும் ஒதுக்கிவிட்டு, நடுப்பங்கை மட்டும் தனிம அளவுகளை நுணுக்கமாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவிக்கு அனுப்ப வேண்டும். டாஸ்டெவின் குழுவினரின் 2016 கட்டுரை இந்த முறையைப் படிப்படியாகச் சோதித்துக் காட்டியது. கார்பனேட்டில் வேலை செய்யும் யாரும் படிக்காமல் தொடங்கக் கூடாத கட்டுரை. மக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்டான டோலமைட்டாக இருந்தால் அமிலத்தின் வலுவும் நேரமும் மாறும், அதைத் தனியாகச் சோதித்துக்கொள்ளுங்கள்.

களி நுழைந்ததா என்று கேட்க யிட்ரியத்தையும் ஹோல்மியத்தையும் பாருங்கள். எடைக் கணக்கில் இவற்றின் விகிதம் களிப்பாறையில் 27 அளவில் இருக்கும், கடல்நீரில் 40-ஐத் தாண்டும். 36-க்குக் கீழே இறங்கும் மாதிரிகளைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். கூடவே அலுமினியம், தோரியம், சிர்க்கோனியம் ஆகியவற்றையும் அளக்கச் சொல்லுங்கள். அருமண் மட்டும் போதும் என்று சொல்லிப் பணத்தை மிச்சம் பிடித்தால், பின்னால் தீர்ப்புச் சொல்ல ஆதாரம் இருக்காது.

இதே முறையில் கிடைத்த அருமையான முடிவு ஒன்று நமீபியாவின் நாமா பாறைத்தொகுதியில் இருக்கிறது. 55 கோடி ஆண்டுகளுக்கு முன், எடியாகரன் காலம் முடியும் தறுவாயில் படிந்த சுண்ணாம்பு அது. ஆழம் குறைந்த, நல்ல ஆக்சிஜன் உள்ள நீரில் பள்ளம் தெரிந்தது. அதற்குச் சற்றுக் கீழே உள்ள நீரில் பள்ளத்துக்குப் பதிலாக மேடு, அதாவது சீரியம் கூடுதலாக இருந்தது. மேலிருந்து இறங்கிய மாங்கனீசுத் துகள்கள் அங்கே கரைந்து தங்கள் சீரியத்தை விட்டிருக்கின்றன. ஆக்சிஜன் முற்றிலும் தீராமல், ஆனால் விலங்குகளுக்குப் போதாமல் இருந்த அந்த இடைநிலை நீரைக் காட்ட இரும்பு வேதியியலால் முடிந்திருக்காது. குளோடினா போன்ற ஓடுள்ள ஆரம்பகால விலங்குகள் நல்ல ஆக்சிஜன் உள்ள நீரோடு ஒதுங்கி நின்றதும் அதே பாறைகளில் தெரிகிறது. சீரியத்தின் தனிச்சிறப்பு இந்த நடுநிலையைக் காட்டுவதுதான்.

சுண்ணாம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சூழல்: ஆழம் குறைந்த கடல், களி குறைந்த படிவு, தின் செக்‌ஷனில் மறுபடிகமாக்கம் குறைவு. ஒன்றை மறக்க வேண்டாம்: கரையோர மேல்நீரில் பள்ளம் இயல்பாகவே ஆழ்கடலைவிட ஆழம் குறைந்தது. திட்டுச் சுண்ணாம்பில் 0.1 வரவில்லையே என்று ஏங்க வேண்டியதில்லை.

மீன் பல்லும் மற்ற பாஸ்பேட்டும்

இது கவர்ச்சியான தேர்வு. உயிருள்ள மீனின் பல்லில் அருமண் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இருக்காது. கடலடியில் விழுந்து புதைந்த பிறகு அதே பல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். அளப்பது சுலபம், சிறிது களி ஒட்டினாலும் கணக்குக் கெடாது, ஒரே ஒரு பல்லிலிருந்துகூடத் தரவு கிடைக்கும்.

ஆனால் மேலே சொன்னதை மீண்டும் படியுங்கள்: அத்தனை அருமண்ணும் மீன் செத்த பிறகு வந்தது. முதல் அளவுகோலில் பாஸ்பேட் தடுமாறுவது இதனால்தான். பல் கடலடியின் மேற்பரப்பிலேயே நெடுங்காலம் கிடந்து, வண்டல் மெதுவாகப் படிந்த இடமாக இருந்தால், அடிநீரின் முத்திரை நிற்கும். வேகமாகப் புதைந்த இடத்தில் இடுக்கு நீரே பேசும். 1980-களில் ரைட்டும் உடனாய்வாளர்களும் பழைய அபடைட்டில் (பல்லிலும் பாஸ்பேட் பாறையிலும் உள்ள கனிமம்) சீரியத்தைப் பார்த்துக் கடல்களின் ஆக்சிஜன் வரலாற்றை எழுதியபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. 1990-இல் ஜெர்மனும் எல்டர்ஃபீல்டும் சீரியப் பிறழ்வைப் பயன்படுத்துவதற்கான அடிப்படை விதிகளை வகுத்து அந்த வேகத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். 2001-இல் ஷீல்ட்ஸும் ஸ்டில்லும் கேம்பிரியன் பாஸ்போரைட்டுகளில், புதைந்தபின் நடந்த மாற்றம் சீரிய விகிதத்தை எப்படி இழுத்துவிடுகிறது என்று விரிவாகக் காட்டினார்கள்.

இந்த மாற்றம் நடந்ததா என்று வரைபடத்தின் வடிவமே சொல்லிவிடும். நடு அருமண், அதாவது சமாரியம் முதல் டிஸ்ப்ரோசியம் வரை, தூக்கலாக எழுந்து மணி போன்ற வடிவம் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். களிப்பாறையால் வகுத்த லாந்தனம்-சமாரியம் விகிதம் 0.35-க்குக் கீழே போனாலோ, அந்த விகிதமும் சீரிய விகிதமும் சேர்ந்தே ஏறி இறங்கினாலோ, சீரியத்தை ஆக்சிஜனோடு முடிச்சுப் போடக் கூடாது.

மறைந்திருக்கும் செலவு நேரம். சல்லடையில் கழுவிய மண்ணை நுண்ணோக்கியின் கீழே வைத்து, ஈரத் தூரிகையால் ஒவ்வொரு பல்லாக எடுக்க வேண்டும். கோனோடோன்டாக இருந்தால் சுண்ணாம்பைக் கிலோ கணக்கில் அமிலத்தில் கரைத்த பிறகுதான் அந்த வேலையே தொடங்கும். பல்லின் எனாமல் போன்ற வெளிப்பகுதியையும் உள்ளிருக்கும் டென்டினையும் பிரித்துப் பார்க்க லேசர் வசதியுள்ள கூடம் வேண்டும்.

ஆழ்கடலின் செங்களிமண்ணில் சுண்ணாம்பு கரைந்துபோய் வேறு எதுவும் மிஞ்சாது. அங்கே மீன் பல்தான் ஒரே வழி, வண்டலும் ஆயிரம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற மெதுவேகத்தில் படிவதால் அது நம்பிக்கையான வழியும்கூட. கண்டத்திட்டில் வேகமாகப் படிந்த பாஸ்பேட் முண்டுகளை இதே நம்பிக்கையோடு எடுக்காதீர்கள்.

ஃபோரமினிஃபெராப் பூச்சு

ஓட்டுக்குள் இருக்கும் அருமண் மிகக் குறைவு. பெரும்பகுதி, ஓடு கடலடியில் விழுந்த பிறகு மேலே படியும் இரும்பு-மாங்கனீசுப் பூச்சில் இருக்கிறது. எனவே மேல்நீரில் மிதந்து வாழ்ந்த உயிரின் ஓட்டிலிருந்தும் அடிநீரின் செய்தியே வரும். பனியுக ஆய்வுகளுக்கு இது மிக நல்ல பொருள். அடிநீரின் ஆக்சிஜன் ஏறி இறங்கியதை அதே கோரில் உள்ள கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப்புகளோடு நேருக்கு நேர் ஒப்பிடலாம். பூச்சைக் களைந்துவிட்டு ஓட்டை அளப்பதா, பூச்சோடு அளப்பதா என்று முதலிலேயே முடிவெடுங்கள்; இரண்டும் வேறு வேறு நீரைப் பற்றியவை. வண்டல் புதைந்து ஆக்சிஜனை இழந்திருந்தால் பூச்சு கரைந்து மறுபடி படிந்திருக்கும். பிறகு அதிலிருந்து அடிநீரைப் பிரித்தெடுப்பது கடினம்.

பட்டை இரும்புப் பாறை

கேள்வி 200 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது என்றால் இதைத் தாண்டிப் போக முடியாது. இரும்பு ஆக்சைடு கடல்நீரில் உருவாகும்போதே அருமண்ணைப் பற்றிக்கொண்டது. தென்னாப்பிரிக்காவின் குருமன், பெங்கே பாறைகளைப் பற்றிய பாவ், டுல்ஸ்கி ஆகியோரின் 1996 ஆய்வு ஒரு பெரிய பாடம். மேலோட்டமாகப் பார்த்தால் சீரியப் பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். உண்மையில் அங்கே லாந்தனம் கூடுதல். இடப்பக்கத்து அண்டை வீடு உயர்ந்துவிட்டதால் நடு வீடு தாழ்ந்ததுபோலத் தெரிகிறது, அவ்வளவுதான். பிரசியோடைமியத்தையும் சேர்த்துப் பார்த்ததும் அந்தப் பள்ளம் காணாமல் போனது. அந்தக் கடலில் சீரியம் ஆக்சிஜனேற்றம் அடையவில்லை.

அதிகம் பேசப்படாத ஆபத்து, பாறை வெளியே தலைகாட்டிய பிறகு நடப்பது. லாந்தனத்தின் 138 நிறையுள்ள ஐசோடோப்பு மிக மெதுவாகச் சிதைகிறது, அதில் ஒரு பங்கு அதே நிறையுள்ள சீரியமாகிறது. இதைக் கடிகாரமாக வைத்து, தென்னாப்பிரிக்காவின் பார்பர்ட்டன் பகுதியில் சுமார் 320 கோடி ஆண்டு பழமையான இரும்புப் பாறை ஒன்றை அளந்தார்கள். அதிலிருந்த சீரியப் பிறழ்வு பாறை படிந்தபோது வந்ததாக இல்லை. புவியியல் கணக்கில் மிக அண்மையில் புகுந்தது என்று தெரியவந்தது. இன்றைய காற்றின் ஆக்சிஜனை ஆதிக்கடலின் ஆக்சிஜனாக வாசித்துவிடும் அபாயம் இது. ஆகவே மலைமுகட்டில் சுத்தியலால் தட்டி எடுத்த கல் வேண்டாம். ஆழ்துளையில் எடுத்த, துரு ஏறாத கோர் கிடைத்தால் மட்டும் இதில் இறங்குங்கள்.

களிப்பாறை

மலிவு, எங்கும் கிடைக்கும், கூடங்களில் வழக்கமான முழுக்கரைசல் முறை உண்டு. அதனால்தான் இவ்வளவு ஆய்வேடுகள் இதில் சீரியத்தைத் தேடுகின்றன. அரபிக்கடலில் சுமார் 150 முதல் 1200 மீட்டர் ஆழம் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த நீரடுக்கு இருக்கிறது. அந்த அடுக்கு உரசும் சரிவிலிருந்தும் அதற்குக் கீழேயிருந்தும் சேறு எடுத்து முழுதாகக் கரைத்தால், இரண்டிலும் நிலத்திலிருந்து வந்த களியின் விகிதமே, அதாவது 1-ஐ ஒட்டிய எண்ணே, முன்னால் வந்து நிற்கும். நீரின் செய்தி அடியில் அமுங்கிவிடும். களிப்பாறைதான் உங்களிடம் இருக்கிறது என்றால் சீரியத்தை விட்டுவிட்டு மாலிப்டினம், யுரேனியம், வனேடியம், இரும்பு வகைப்பாடு (இரும்பு எந்தெந்தக் கனிம வடிவில் எவ்வளவு இருக்கிறது என்ற கணக்கு) ஆகியவற்றுக்குப் போங்கள். அங்கே அது நன்றாகப் பேசும்.

எதை எடுத்தாலும் இந்தக் கணக்கை விடக்கூடாது

லாந்தனத்தையும் பிரசியோடைமியத்தையும் சராசரி எடுத்துச் சீரியத்தை ஒப்பிடும் பழைய சூத்திரத்தை மட்டும் நம்பாதீர்கள். கடல்நீரில் லாந்தனம் இயல்பாகவே சற்றுக் கூடுதல், அது பொய்ப் பள்ளம் காட்டும். லாரன்ஸ் குழுவினர் 2006-இல் சொன்ன முறை எளிது: களிப்பாறையால் வகுத்த அளவுகளில், பிரசியோடைமியத்தின் வர்க்கத்தை நியோடைமியத்தால் வகுத்தால், இருக்க வேண்டிய சீரியம் கிடைக்கும். லாந்தனம் கணக்கிலேயே வராது. கூடவே சீரிய விகிதத்தையும் அதே மாதிரிக் கணக்கிட்ட பிரசியோடைமிய விகிதத்தையும் எதிரெதிர் அச்சில் வைக்கும் பாவ்-டுல்ஸ்கி வரைபடத்தையும் போடுங்கள். பிரசியோடைமிய விகிதம் 1.05-க்கு மேலே போனால்தான் சீரியப் பள்ளம் உண்மை. யூரோப்பியம் திடீரென்று உயர்ந்தால், உடனே வெப்பநீர் ஊற்று என்று எழுதாமல் பேரியத்தின் அளவைப் பாருங்கள். பேரியம் ஆக்சைடு கருவிக்குள் யூரோப்பியமாக வேடம் போடும்.

அரியலூரில் நிற்பவருக்கு

கடைசியாக, தமிழ்நாட்டு மாணவர்கள் பலர் மாதிரி எடுக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். காவிரிப் படுகையின் கிரெட்டேசியஸ் பாறைகளில், கல்லக்குடிப் பக்கம் டால்மியாபுரம் தொகுதியின் பவளமும் பாசியும் கலந்த சுண்ணாம்புக்கல் இருக்கிறது. காரைப் பகுதியில் ஜிப்சம் நரம்புகள் ஓடும் களிமேடுகளும், அவற்றின் மேல் சிதறிக் கிடக்கும் பாஸ்பேட் முண்டுகளும் இருக்கின்றன.

பலருடைய ஆசை, 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்கள் ஆக்சிஜன் இழந்த நிகழ்வைக் காரையில் பிடிப்பது. காரைக் களி அந்தக் காலத்தைத் தொடுகிறது, உண்மைதான். ஆனால் மேலே கிடக்கும் முண்டு எந்த அடுக்கிலிருந்து உருண்டு வந்தது என்று சொல்ல முடியாது. பாஸ்பேட் என்பதால் இடுக்கு நீர்ச் சிக்கல் வேறு. களியோ வெயிலிலும் மழையிலும் ஊறியது. அங்கே சீரியத்துக்குப் பணம் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆழ்துளைக் கோர் கிடைத்தால் அதில் மாலிப்டினமும் கரிமக் கார்பனும் பாருங்கள். அடுக்கிலேயே பதிந்திருக்கும் முண்டு கிடைத்தால், அதன் நடுப்பகுதியை மட்டும் துணைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

டால்மியாபுரம் சுண்ணாம்பு வேறு கதை. சுரங்க நிர்வாகத்தின் அனுமதியோடு புதிதாக வெட்டிய முகத்திலிருந்து எடுத்தால் துரு ஏறாத கல் கிடைக்கும், திட்டுச் சூழல், களி குறைந்த அடுக்குகளைப் பொறுக்கவும் முடியும். ஆனால் அது கிரெட்டேசியஸின் ஒரு பகுதியான ஆல்பியன் காலத்தது, மேலே சொன்ன நிகழ்வுக்கு முந்தையது. அந்த நிகழ்வைப் பற்றி அதனிடம் கேட்டுப் பயனில்லை. ஆல்பியனில் இந்தியாவின் கிழக்குக் கரையோரக் கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் அதனால் பதில் சொல்ல முடியும். பணம் ஒரு தொகுதிக்குத்தான் என்றால் ஆய்வேட்டின் கேள்வியை அப்படி மாற்றிக்கொண்டு, மாதிரி எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் படிப்படியாக அமிலத்தில் கரைத்து நடுப்பங்கை அளக்கச் சொல்லுங்கள்.